சோகைக்கு மருந்து கண்ட வரலாறு

முகம் வெளுத்து, நாவும் நகக்கண்ணும் நிறமிழந்து, நாலடி நடந்தால் மூச்சு வாங்கி, படியேறினால் நெஞ்சு படபடக்கும் நோயைத் தமிழ் மருத்துவர்கள் பாண்டு என்றும் சோகை என்றும் வழங்கினர். இக்காலத்தார் அதனைக் குருதிச்சோகை என்பர். போர்க்களத்திலே மாண்டவரைப் பற்றிப் பெருங்காவியங்கள் எழுந்தன. ஆனால் வீட்டுத் திண்ணையிலும் மகப்பேற்றுக் கட்டிலிலும் ஓசையின்றி மாண்ட தாய்மாரைப் பற்றி எவரும் காவியம் பாடினாரல்லர். அத்தாய்மாருள் எண்ணிறந்தோரின் உயிரை மெல்ல மெல்ல உறிஞ்சியது இந்தச் சோகையே. அதற்கு மருந்து கண்ட வரலாறு நேயர்கள் அறிந்து வைக்கத்தக்க ஒன்றாகும்.

அவ்வரலாற்றினுட் புகுமுன் ஓர் உண்மையை மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். சோகை என்பது ஒரே நோயன்று. பல நோய்களுக்கு வாய்த்த ஒரே முகம். குருதிக்குச் செந்நிறம் தருவதும், சுவாசப்பையிலிருந்து பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வதும் ஈமோகுளோபின் என்னும் பொருள். அதனைச் சுமக்கும் செங்குருதிச் சிறுதுணிக்கை ஒன்றின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். ஆகவே எலும்பு மச்சை நாள்தோறும் புதிய துணிக்கைகளை ஆக்கிக்கொண்டேயிருத்தல் வேண்டும். ஈமோகுளோபினை ஆக்க இரும்பு வேண்டும். துணிக்கைகள் முறையாகப் பிரிந்து பெருகச் சில உயிர்ச்சத்துக்கள் வேண்டும். இரும்பு குறைந்தால் துணிக்கைகள் சிறுத்து வெளுக்கும். அவ்வுயிர்ச்சத்துக்கள் குறைந்தால் துணிக்கைகள் முதிராது பருத்து, எண்ணிக்கையிற் குன்றும். இரண்டின் வெளித்தோற்றமும் வெளிறிய முகமே. ஒரே முகத்தை அணிந்த இவ்விரு பகைவரையும் பிரித்தறிய மனிதனுக்குப் பல நூற்றாண்டுகள் சென்றன.

முதலில் அகப்பட்டது இரும்பு. நம்மவர் மருத்துவத்தில் அயச்செந்தூரமும் அன்னபேதிச் செந்தூரமும் பாண்டு நோய்க்குரியனவாக வழங்கிவந்துள்ளன. அயம் என்பது இரும்பு. அன்னபேதி என்பது இரும்பும் கந்தகமும் சேர்ந்த பச்சை நிற உப்பு. ஐரோப்பாவிலே 17ஆம் நூற்றாண்டில் தோமஸ் சிடன்ஹாம் என்னும் ஆங்கில மருத்துவர் இரும்பரத் தூளை மதுவில் ஊறவைத்து, வெளிறிய இளம்பெண்களுக்குக் கொடுத்தார். இளம்பெண்களை வாட்டிய அச்சோகையை அக்காலத்து ஐரோப்பியர் பச்சை நோய் என்றழைத்தனர். அது காதல் ஏக்கத்தால் வருவதென்றும், திருமணம் செய்துவைத்தால் தீருமென்றும் நம்பியவர் பலர். வளரும் பருவத்திலே குருதியை இழக்கும் உடலுக்கு இரும்பு போதாமையே காரணம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இரும்பு குருதியிலேயே உள்ளது என்பதும் வெகுகாலம் மறைபொருளாகவே இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பிரான்சு நாட்டு இரசாயன அறிஞர் லெமெரி, குருதியை எரித்த சாம்பலில் இரும்பைக் கண்டார். அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தாலியரான மெங்கினி, உலர்த்தி எரித்த குருதித் தூளைக் காந்தம் ஈர்ப்பதைக் காட்டினார். பின்னர் பிரான்சிலே பியேர் புளோட் என்னும் மருத்துவர் 1830களின் தொடக்கத்தில் இரும்புச் சல்பேற்றும் பொற்றாசியம் காபனேற்றும் சேர்த்துக் குளிகை செய்தார். இரும்புச் சல்பேற்றென்பது வேறொன்றன்று. நம் மருத்துவர் கைக்கொண்ட அன்னபேதியே அது. புளோட்டின் குளிகை நூறாண்டுக்கு மேல் உலகெங்கும் வழங்கிற்று.

நல்ல மருந்து கைக்கு வந்த பின்னரும் அறிஞருலகம் அதனை ஐயுற்றது. உணவிற் கலந்துள்ள இரும்பையன்றி உப்பு வடிவிலான இரும்பை உடல் ஏற்காது என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் சிலர் வாதித்தனர். குளிகையால் நோய் தீர்வது நோயாளியின் நம்பிக்கையால் என்று சொன்னவரும் உளர். 1893ஆம் ஆண்டில் எடின்பரோவைச் சேர்ந்த ரால்ப் ஸ்ரொக்மன் இவ்வாதத்தைப் பரிசோதனையாலே தகர்த்தார். அவர் இரும்பு உப்பைத் தோலின்கீழ் ஊசியால் ஏற்றிய போதும் ஈமோகுளோபின் உயர்ந்தது. குடலிலே சேரும் எப்பொருளாலுமன்றி, குருதியிற் கலந்த இரும்பாலேயே குணம் விளைந்ததென்பது அதனால் உறுதியாயிற்று.

ஆயினும் இரும்புக்கு அடங்காத சோகையும் இருந்தது. இலண்டனிலுள்ள கைஸ் வைத்தியசாலையின் தோமஸ் அடிசன் 1849ஆம் ஆண்டிலும், விரிவாக 1855ஆம் ஆண்டிலும் அதனை எடுத்துரைத்தார். நோயாளி மெலியாமலே வெளிறுவார்; நாளுக்கு நாள் தளர்வார்; எம்மருந்தும் பயன்படாது இறப்பார். கொடுஞ்சோகை என்று பெயர் பெற்ற அந்நோய் ஒருவருக்கு உண்டென்று மருத்துவர் உரைப்பது, மரண ஓலையைக் கையிற் கொடுப்பதை ஒத்திருந்தது.

அவ்வோலையைக் கிழித்தெறிந்தவர் அமெரிக்க மருத்துவர் மூவர். ஜோர்ஜ் விப்பிள் என்பார் நாய்களிடமிருந்து குருதியை வடித்து அவற்றைச் சோகைக்குள்ளாக்கி, எவ்வுணவால் அவை விரைந்து தேறுகின்றன என்று பார்த்தார். எல்லா உணவிலும் ஈரலே முந்தி நின்றது. அச்செய்தி கேட்ட பொஸ்ரன் நகரத்து ஜோர்ஜ் மைனொற்றும் வில்லியம் மேர்பியும் தம் கொடுஞ்சோகை நோயாளிகளுக்கு நாள்தோறும் ஈரலை உண்பித்தனர். 1926ஆம் ஆண்டில் 45 நோயாளிகளின் முன்னேற்றத்தை அவர்கள் வெளியிட்டபோது மருத்துவ உலகம் வியந்தது. மூவருக்கும் 1934ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. மைனொற் தாமே கடும் நீரிழிவு நோயாளர். 1920களின் தொடக்கத்திலே இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டிராவிட்டால் இப்பணியை ஆற்ற அவர் உயிரோடு இருந்திருக்கமாட்டார். ஒரு மருந்து மற்றொரு மருந்துக்கு வழி திறந்த வகை இது.

இவ்வெற்றியினுள் ஒரு விந்தையும் உண்டு. விப்பிளின் நாய்கள் குருதியை இழந்தவை. அவற்றுக்கு வேண்டியிருந்தது பெரும்பாலும் இரும்பு. அது ஈரலில் இருந்தது. மைனொற்றின் நோயாளிகளுக்கு வேண்டியிருந்ததோ அக்காலத்தில் எவரும் பெயரறியாத ஓர் உயிர்ச்சத்து. அதுவும் ஈரலில் இருந்தது. விடை ஒன்றாயினும் வினா இரண்டு. ஈரல் என்னும் ஒரே கலத்திற் பல மருந்துகள் கலந்திருந்தமையால், எது எந்நோயைத் தீர்த்தது என்பது அப்போது விளங்கவில்லை. அச்சிக்கலின் முக்கியமான முடிச்சு அவிழ்ந்தது அமெரிக்காவிலன்று. பம்பாயிலும் நீலகிரியிலும் சென்னையிலுமே.

1928ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அவர் 1888ஆம் ஆண்டு பிறந்தவர். கேம்பிரிட்ஜிலே தாவரவியலும் புவிச்சரிதவியலும் கற்றபின், இலண்டனிலே பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1920ஆம் ஆண்டிலே மருத்துவரானவர். இந்தியாவிலே மகப்பேற்றின்போது தாய்மார் இறப்பதன் காரணங்களை ஆராயும் பணி நடந்துகொண்டிருந்தது. அதன் ஒரு பகுதியாக, கர்ப்பிணிகளைக் கொல்லும் கொடிய சோகையை ஆராய அவர் அழைக்கப்பட்டார். பம்பாயின் ஹாப்கின் ஆராய்ச்சி நிலையம் அவருக்குக் களமாயிற்று.

அச்சோகை கண்ட பெண்களின் குருதியை நுணுக்குக்காட்டியிற் பார்த்தால், அடிசன் சொன்ன கொடுஞ்சோகையிற் போலவே துணிக்கைகள் பருத்துக் காணப்பட்டன. ஆயினும் அடிசனின் நோயாளிகள் பெரும்பாலும் முதுமையை அணுகியவர். இவர்களோ பிள்ளை பெறும் பருவத்து இளம்பெண்கள். லூசி வில்ஸ் நுணுக்குக்காட்டியோடு நின்றாரல்லர். இந்நோயை உண்டாக்கும் கிருமி ஏதேனும் உண்டோ என்று தேடினார், கிடைக்கவில்லை. பின்னர் தல்பதே என்னும் துணையாளரோடு சேர்ந்து பம்பாய்ப் பெண்களின் உணவையும் வாழ்க்கை நிலையையும் ஆராய்ந்தார். யார் என்ன உண்டனர், எத்தகைய வீட்டில் வாழ்ந்தனர் என்று கணக்கெடுத்தார். ஆலைத் தொழிலை நம்பிய வறிய குடும்பங்களிலே, சிறப்பாக வறிய முஸ்லிம் பெண்களிடையே, நோய் மிகுந்திருந்தது. அவர்கள் உணவிற் கீரையும் பழமும் புரதமும் அருகியிருந்தன. நோயின் வேர் அடுக்களையிலே, அடுக்களையின் வறுமையிலே உள்ளதென்பது தெளிவாகத் தொடங்கியது.

அதன்பின் அவர் எலிகளுக்கு அப்பெண்கள் உண்ட வகையான உணவையே கொடுத்தார். எலிகளும் சோகையுற்றன. மதுவம் எனப்படும் ஈஸ்ற்றை அவ்வுணவோடு சேர்த்தபோது அந்நோய் தடைப்பட்டது. 1929ஆம் ஆண்டில் நீலகிரிக் குன்னூரிலிருந்த பாஸ்ரர் நிலையத்திலே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1931ஆம் ஆண்டிலே சென்னைத் திருவல்லிக்கேணியிலிருந்த கோஷா வைத்தியசாலையிலும் பணியாற்றினார். திரைமறைவில் வாழ்ந்த பெண்களுக்கெனத் தோன்றிய அவ்வைத்தியசாலை பிற்காலத்திலே கஸ்தூரிபா காந்தியின் பெயரைப் பெற்றது. குரங்குகளிடத்தும் பரிசோதனைகள் நடைபெற்றன.

ஈரல் நல்ல மருந்துதான். ஆயினும் நாள்தோறும் ஈரல் வாங்கி உண்ண வறிய தாயாற் கூடுமா? ஈரலிலிருந்து வடித்த சத்தும் விலை மிகுந்தது. புலாலுண்ணாதவர்க்கு அது ஏற்கவும் ஏலாது. ஆகவே மலிவும் எளிமையும் உடைய பொருள் ஒன்றை அவர் நாடினார். அப்பொருள் மருந்துக் கடையிலன்று, மளிகைக் கடைத் தட்டிலே இருந்தது. இங்கிலாந்திலே 1902ஆம் ஆண்டு தொடக்கம், மதுவடிசாலைகளில் எஞ்சிய மதுவத்திலிருந்து செய்யப்பட்டுவந்த மார்மைற் என்னும் கரிய குழம்பே அது. பாணிற் பூசி உண்பதற்கு உப்புச்சுவையோடு விற்கப்பட்ட அக்குழம்பைச் சோகையுற்ற கர்ப்பிணிகளுக்கு அவர் அளவாகக் கொடுத்தார். சில நாட்களிற் பசி மீண்டது, குருதியிலே புதிய இளந்துணிக்கைகள் திரளாகத் தோன்றின, நோயாளிகள் தேறினர். இச்செய்தியை 1931ஆம் ஆண்டிலே பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையிற் கட்டுரையாக வெளியிட்டார்.

மார்மைற்றிலிருந்த எப்பொருள் நோயைத் தீர்த்தது? இரும்பன்று; அக்காலத்தில் அறியப்பட்டிருந்த உயிர்ச்சத்துக்களுள் ஒன்றாகவும் தோன்றவில்லை. 1930களின் பிற்பகுதியில் மற்றுமோர் உண்மையும் வெளிப்பட்டது. அடிசனின் கொடுஞ்சோகையைத் தீர்க்கவல்ல, நன்கு தூய்மையாக்கிய ஈரற்சத்து இந்தியப் பெண்களுக்குப் பயன்படவில்லை. தூய்மையாக்காத ஈரற்சத்தோ பயன்பட்டது. எனவே ஈரலிலே குறைந்தது இரண்டு மருந்துகள் உள்ளன. தூய்மையாக்கும்போது ஒன்று தங்குகிறது, மற்றொன்று நீங்குகிறது என்ற முடிவுக்கே வரவேண்டியிருந்தது. நீங்கிய அந்தப் பெயரற்ற பொருளைப் பிறர் வில்ஸ் காரணி என்று அழைத்தனர்.

1941ஆம் ஆண்டிலே அமெரிக்க விஞ்ஞானிகள் நான்கு தொன் பசளி இனக் கீரையிலிருந்து அத்தகைய பொருளின் சிறிதளவைப் பிரித்தெடுத்தனர். இலத்தீன் மொழியில் இலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து போலிக் அமிலம் என்று அதற்குப் பெயரிட்டனர். அதனை ஆய்வுகூடத்திலே செயற்கையாக ஆக்கி மலிவாக்கினால் அன்றி ஏழைக்கு எட்டாது. அப்பணியை லெடலி ஆய்வுகூடத்திலே ஒரு விஞ்ஞானிகள் குழு 1945ஆம் ஆண்டிலே நிறைவேற்றியது. அக்குழுவை வழிநடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பராவ். ஆந்திர நாட்டிலே பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, அமெரிக்கா சென்றவர். அவருடைய சகோதரர் ஒருவரின் உயிரைக் கவர்ந்தது வெப்பநாடுகளுக்குரிய ஸ்புரூ என்னும் குடல்நோய். சோகையையும் உடன் கொண்டுவரும் அந்நோய்க்குப் போலிக் அமிலமே அரிய மருந்தாயிற்று. தமையனைக் காக்க இயலாதவர் பிறருடைய தமையன்மாரைக் காத்தார் எனலாம்.

எஞ்சிய மருந்து 1948ஆம் ஆண்டிலே கைக்கு வந்தது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஈரலிலிருந்து செந்நிறப் பளிங்குகளாகப் பிரிந்த அதற்கு விற்றமின் பி 12 என்று பெயர். அதன் சிக்கலான கட்டமைப்பை டொறதி ஹொட்ஜ்கின் என்னும் அம்மையார் 1950களின் நடுப்பகுதியிற் கண்டறிந்தார்; 1964ஆம் ஆண்டு இரசாயனத்துக்கான நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. அதே 1964ஆம் ஆண்டிலே லூசி வில்ஸ் காலமானார். அவரைப் பெரும்பரிசு எதுவும் நாடி வரவில்லை. அவர் கண்ட மருந்தோ உலகின் தாய்மாரையெல்லாம் நாடிச் சென்றது.

இலங்கையும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வெறுங்காலோடு உழைத்த தமிழ்த் தொழிலாளரின் உள்ளங்கால் வழியே புகுந்த கொழுக்கிப்புழு, குடலிற் பற்றி நின்று குருதியை உறிஞ்சியது. அதனால் விளைந்தது இரும்புக்குறைச் சோகை. சோம்பல் என்று பிறர் பழித்த தளர்ச்சிக்கு அடியில் இருந்தது பல வேளைகளில் இந்நோயே. 1916ஆம் ஆண்டு தொடக்கம் ரொக்பெல்லர் அறநிலையத்தின் துணையோடு தோட்டங்களிலே கொழுக்கிப்புழு ஒழிப்பு முயற்சி நடைபெற்றது. புழுவை வெளியேற்றாமலும் மலகூடம் அமைக்காமலும் இரும்பு மாத்திரம் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும் என்பதை அம்முயற்சி உணர்த்திற்று.

1934ஆம் ஆண்டின் இறுதியிலும் 1935ஆம் ஆண்டிலும் இந்நாட்டைப் பெரும் மலேரியாக் கொள்ளைநோய் தாக்கியது. மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்க, நுளம்பு பெருகியது, பல்லாயிரவர் மாண்டனர். பட்டினியும் காய்ச்சலும் கைகோத்து வந்த அக்காலத்தில், நிவாரணப் பணியிலே இறங்கிய சூரியமல் இயக்கத்தினர் கொயினாவோடு மார்மைற்றையும் ஊட்டக்குறைவுற்ற மக்களுக்கு வழங்கினர். பம்பாயிலே ஏழைத் தாய்க்குக் கைகொடுத்த கரிய குழம்பு சில ஆண்டுகளுக்குள்ளே இலங்கைக் கிராமத்துக் குடிசையை அடைந்தது இவ்வாறே. அந்த மலேரியாவையும் இந்நாடு முற்றாக ஒழித்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டிற் சான்று வழங்கியது.

இன்று கர்ப்பிணித் தாய்மாருக்கு இரும்பும் போலிக் அமிலமும் சேர்ந்த குளிகை கிளினிக்குகளிலே வழங்கப்படுகிறது. நாளொன்றுக்கு 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பும் 400 மைக்குரோகிராம் போலிக் அமிலமும் கர்ப்பிணிக்கு வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கருவுறுமுன்னரே போலிக் அமிலத்தை உட்கொண்டால், குழந்தையின் முள்ளந்தண்டும் மூளையும் குறைபாட்டோடு உருவாதல் பெரிதும் தடுக்கப்படும் என்பதும் 1991ஆம் ஆண்டிலே வெளியான ஆராய்ச்சியால் நிறுவப்பட்டது. தாயைக் காக்கக் கண்ட மருந்து சேயையும் காத்தது.

மருந்து மலிந்துவிட்டமையால் அறிவு வேண்டாமலாகிவிடவில்லை. கொடுஞ்சோகை உடையவர்க்குப் போலிக் அமிலம் மாத்திரம் கொடுத்தாற் குருதி தேறும்; நரம்புகளோ உள்ளுக்குள் அழிந்துகொண்டே போகும். அவருக்கு வேண்டியது விற்றமின் பி 12. தலசீமியா என்னும் பரம்பரைச் சோகையுடையவரிடத்திலோ இரும்பு தேங்கி உறுப்புக்களைக் கெடுக்கும். அவருக்கு இரும்புக் குளிகை பகையாகும். மலேரியா மிகுந்த பெம்பாத் தீவிலே சிறுவருக்கு இரும்பும் போலிக் அமிலமும் கொடுத்த ஆராய்ச்சி ஒன்றில் நன்மையினும் தீமை மிகுந்ததென 2006ஆம் ஆண்டிலே அறிவிக்கப்பட்டது. ஆகவே முகம் வெளுத்ததென்று கடையிலே குளிகை வாங்கி விழுங்குவதினும், குருதியைப் பரிசோதித்துக் காரணத்தை அறிந்து மருந்துண்பதே அறிவுடைமை. ஒரே முகத்துப் பல பகைவர் என்று தொடக்கத்திற் கூறியதன் பயன் இதுவே.

குளிகையை உண்ணும் முறையிலும் கவனம் வேண்டும். சோற்றுக்குப் பின் உடனே தேநீர் அருந்தும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியது. தேநீரிலுள்ள தனின் என்னும் துவர்ப்பொருள் இரும்பை உடல் ஏற்காது தடுக்கும். தேசிக்காய்ச் சாறும் நெல்லிக்கனியும் போன்ற விற்றமின் சி நிறைந்தவை இரும்பை உடல் ஏற்கத் துணை செய்யும். குளிகையால் மலம் கறுப்பதும் வயிறு சற்றே புரட்டுவதும் இயல்பு. அதற்கஞ்சிப் பல தாய்மார் குளிகையை அலுமாரியிற் போட்டுவைக்கின்றனர். அலுமாரியிற் கிடக்கும் இரும்பு எவர் குருதியையும் சிவப்பிக்காது.

இவ்வரலாற்றிலே சிடன்ஹாமும் புளோட்டும் மைனொற்றும் சுப்பராவும் தத்தம் பங்கைச் செலுத்தினர். அவர்களுள் லூசி வில்ஸ் அம்மையாரின் வழி தனிச்சிறப்புடையது. அவர் நோயாளியின் குருதியைப் பார்த்ததோடு அவளுடைய உணவையும் பார்த்தார். மருந்தைத் தேடும்போதே அதன் விலையையும் எண்ணினார். இலைக்கறியும் பருப்பும் மீனும் முட்டையும் ஒவ்வொரு தாயின் கலத்திலும் விழுமாயிற் குளிகையின் தேவை பெரிதும் குறையும். எல்லோரும் உண்டு முடிந்தபின் எஞ்சியதைத் தாய் உண்பது நம் வீடுகளிலே பண்பாகப் போற்றப்பட்டுவந்துள்ளது. கருவைச் சுமப்பவள் கடைசியாக உண்ணும் அவ்வழக்கம் மாறுவதற்கு ஆய்வுகூடமும் வேண்டாம், அயல்நாட்டுப் பொருளும் வேண்டாம். வீட்டிலுள்ளோரின் மனம் ஒன்றே போதும்.